‘பேகார்’: விசிறிக்கும் மகனுக்கும் பொருந்தும் ஒரே சொல் வேண்டும்

கான்பூரில் நடக்கும் ஓர் இந்திச் சிறுகதையைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: ‘பேகார்’.

கதையில் பழைய மேசை விசிறி ஒன்று வருகிறது. சுவிட்சைப் போட்டால் முனகுகிறது, இறக்கை அசைவதில்லை. அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘பேகார் ஹை’ என்கிறார். நான்கு பக்கம் தள்ளி, படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் மகனைப் பற்றி யாரோ விசாரிக்க, அதே இரண்டு சொற்கள். பாரசீகத்தில் ‘பே’ என்றால் இல்லாத, ‘கார்’ என்றால் வேலை. அதனால் பயனற்றது, வேலையில்லாதவன் இரண்டையும் இந்தியில் அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. வேலையில்லாத் திண்டாட்டத்துக்கே ‘பேகாரி’ என்ற பெயர் உண்டு. கதையின் உயிரே அந்த இரட்டைப் பொருளில்தான் இருக்கிறது.

போட்டுப் பார்த்தவை: ‘உதவாக்கரை’ மகனுக்குச் சரி, விசிறியை யாரும் அப்படித் திட்டுவதில்லை. ‘பழுது’ விசிறியோடு நின்றுவிடுகிறது. ‘தண்டம்’ இரண்டுக்கும் ஒட்டுகிறது, ஆனால் சோற்றுக் கணக்குப் பார்க்கும் கோபம் உள்ளே வந்துவிடுகிறது. இந்த அப்பா கோபக்காரர் அல்லர், களைத்தவர். ‘லாயக்கில்லை’ என்றும் எழுதி அடித்தேன், வேலையின்மை அதில் இல்லை. ‘வெட்டி’யில் அது இருக்கிறது (சோழர் கல்வெட்டுகளில் அதே சொல் கூலியில்லா வேலையைக் குறித்தது என்பது வேறு கதை). விசிறிதான் அதற்குள் அடங்க மறுக்கிறது.

அடிக்குறிப்பு போட விருப்பமில்லை. வெள்ளிக்கிழமை பிரதியைக் கொடுக்க வேண்டும். விசிறியையும் மகனையும் கோபமில்லாமல் ஒரே வாயால் சொல்லக்கூடிய தமிழ்ச்சொல் எது?