ஆழ்நிலநடுக்க அலைகளைக் கொண்டு புவிக்கவசத்தை ஆராய்வது குறித்து ஓர் ஐயம்

கேள்வி: முதுகலை மாணவர்

வணக்கம். மேன்டில் எனப்படும், மேலோட்டுக்கும் புவியின் உட்கோளமான கருவத்துக்கும் இடைப்பட்ட புவிக்கவசத்தின் உள்ளமைப்பை ஆராய்பவர்கள், 300 கிலோமீட்டருக்கும் கீழே நிகழும் ஆழ்நிலநடுக்கங்களையே விரும்பித் தேர்ந்தெடுப்பதைக் காண்கிறேன். ஆழம் குறைந்தவைதாம் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். பிறகு ஏன் இந்த நாட்டம்? மேலும், 2013 மே 24 அன்று ஓகோட்ஸ்க் கடலுக்கடியில் சுமார் 610 கிலோமீட்டர் ஆழத்தில் நேர்ந்த, 8.3 அளவுள்ள நிலநடுக்கத்தைத் தொலைதூர நிலையமொன்று பதிவுசெய்ததைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வேகமாகச் செல்லும் அழுத்த அலையான பி அலை முதலில் வந்து இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுப் பின்னர் இன்னொரு கூர்மையான துடிப்பு தெரிகிறது. அது பின்னதிர்வா?

பதில் 1: நிலஅதிர்வியல் ஆசிரியர்

பின்னதிர்வு அன்று. நிலநடுக்க மையத்திலிருந்து மேல்நோக்கிப் புறப்பட்டு, தரைமட்டத்தில் பிரதிபலித்துக் கீழிறங்கி, பி அலையின் பாதையை ஒட்டியே உங்கள் நிலையத்தை அடைந்த அலை அது. இவ்விரண்டின் நேர இடைவெளியே மையத்தின் ஆழத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. ஆழம் குறைந்த நிலநடுக்கத்தில் இவை சில நொடிகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் பிரித்தறிவது கடினம்.

உங்கள் முதல் கேள்விக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. மேலோடும் அதற்கடியிலுள்ள மென்பாறை மண்டலமும் அலைகளைச் சிதறடிப்பவை. உயர் அதிர்வெண்களை விழுங்குபவை. மேலே பிறக்கும் அலை அந்தப் பகுதியை இருமுறை கடந்தாக வேண்டும். ஆழத்தில் பிறந்து கீழ்நோக்கிச் செல்லும் அலையோ நிலையத்தின் அருகில் ஒருமுறை மட்டுமே கடக்கிறது. மேற்பரப்பு அலைகளும் வலுவாக எழுவதில்லை என்பதால், பின்னால் வரும் நலிந்த துடிப்புகள் மறைந்துபோகாமல் தெரிகின்றன.

அவற்றுள் மிகப் பயனுள்ளது, மையத்திலிருந்து எஸ் அலையாக (பக்கவாட்டில் அதிர்ந்து மெதுவாகச் செல்லும் அலை) இறங்கி, மேல், கீழ்க் கவசங்களைப் பிரிக்கும் 660 கிலோமீட்டர் ஆழ எல்லையில் பி அலையாக மாறும் துடிப்பு. அது எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதிலிருந்து அவ்விடத்தில் எல்லை எந்த ஆழத்தில் உள்ளது எனக் கணக்கிடலாம். அங்கே ரிங்வுடைட் கனிமம் சிதைந்து பிரிட்ஜ்மனைட்டும் பெரிக்ளேஸ் வகைக் கனிமமும் உருவாவது குளிர்ந்த இடத்தில் கூடுதல் அழுத்தத்தைக் கோருவதால், கவசத்துக்குள் அமிழும் குளிர்ந்த புவித்தட்டினுள் அந்த எல்லை கீழே தள்ளப்படுகிறது. ஒலிவின் கனிமம் அடர்ந்த வடிவுக்கு மாறும் 410 கிலோமீட்டர் எல்லையோ அங்கே மேலெழுகிறது. ஆகவே இவ்விரு எல்லைகளின் ஆழம் நமக்கு ஒரு வெப்பமானியாகவே உதவுகிறது.

பதில் 2: ஆய்வாளர்

ஆசிரியர் கூறியதை ஏற்கிறேன்; எனினும் ஒரு வரம்பைச் சேர்க்க வேண்டும். ஆழ்நிலநடுக்கங்கள் அமிழும் தட்டுகளில் மட்டுமே நிகழ்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி டோங்கா, ஃபிஜி பகுதியில் குவிந்துள்ளது. மையத்தின் அருகே நாம் அளப்பது பெரும்பாலும் குளிர்ந்த, இயல்புக்கு மாறான கவசத்தையே. அதை உலகம் முழுமைக்கும் பொதுவாக்குவது, என் கருத்தில், இத்துறையில் அடிக்கடி காணப்படும் அவசரம்.

இந்தத் தடையைத் தாண்ட, மையத்திலிருந்து வெகுதொலைவு சென்று திரும்பும் அலைகள் தேவை. 1994 ஜூன் 9 அன்று பொலிவியாவுக்கடியில் 600 கிலோமீட்டருக்கும் கீழே நேர்ந்த 8.2 அளவு நிலநடுக்கம், கருவத்தை ஊடுருவி மறுபுறம் சென்று மீளும் அளவுக்கு ஆற்றலை வெளியிட்டது. அதன் சிதறிய அலைகளைப் பயன்படுத்தி 2019-இல் வெளியான ஆய்வொன்று, 660 கிலோமீட்டர் எல்லை சில இடங்களில் மிகுந்த கரடுமுரடாக இருப்பதைக் காட்டியது. வெப்பநிலை வேறுபாட்டால் மட்டும் இதை விளக்க இயலாது என்றும், மேல், கீழ்க் கவசங்களுக்கிடையே வேதியியல் வேறுபாடு இருக்கக்கூடும் என்றும் அதன் ஆசிரியர்கள் வாதிட்டனர்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கருவத்தை ஒட்டிய அடிக்கவசத்தைக் காண இதே 2013 பதிவுகள் போதுமா?

பதில் 1: நிலஅதிர்வியல் ஆசிரியர்

போதும். நிலநடுக்க மையத்திலிருந்து 65 முதல் 80 பாகைத் தொலைவிலுள்ள (புவியின் நடுவில் அளக்கும் கோணம்) நிலையங்களைத் தெரிவுசெய்து, பி அலை மாற்றங்கள் கலவாத குறுக்குக் கூறினை (அலை செல்லும் திசைக்குச் செங்குத்தான கிடைமட்ட அசைவு) எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி எஸ் அலைக்கும், கருவத்தின் எல்லையில் பிரதிபலித்து வரும் எஸ் அலைக்கும் நடுவே சிறிய துடிப்பொன்று தென்பட்டால், அது பெரும்பாலும் கருவத்துக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள அடுக்கின் முகப்பிலிருந்து வந்ததாக இருக்கும். ஒரே நிலையத்தை நம்ப வேண்டாம். அருகருகே உள்ள பல நிலையங்களின் பதிவுகளை நேரம் சரிப்படுத்தி ஒன்றுகூட்டிய பின்னரே அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.