அப்பாவின் சான்சூயி ஆம்பும் அட்வென்ட் ஸ்பீக்கரும்: செப்பனிடுவதா, புதிது வாங்குவதா?

பழைய_தட்டு

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஈசூன் வீட்டை விற்றுவிட்டு ஈரறை வீட்டுக்கு மாறிவிட்டார். அவருடைய சான்சூயி ஆம்பும் (ஸ்பீக்கருக்கு ஒலியைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர்) ஒரு ஜோடி அட்வென்ட் ஸ்பீக்கரும் இப்போது என்னிடம். ஆம்ப் 1970களின் கடைசியில் இங்கே சிங்கப்பூரிலேயே வாங்கியது. ஸ்பீக்கரை, கப்பலில் வேலை பார்த்த அவருடைய கூட்டாளி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாராம். பதினைந்து வருடமாக ஸ்டோர் ரூமில் துணி போர்த்திக் கிடந்தவை.

நேற்று ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றினேன். வூஃபரை, அதாவது கனத்த ஒலி தரும் பெரிய கூம்பைச் சுற்றி இருக்கும் நுரை வளையம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. தொட்ட இடமெல்லாம் கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. ஆம்பை பிளக்கில் மாட்டவே பயமாக இருக்கிறது.

ஒரு கடையில் இரண்டையும் சரிசெய்ய 850 வெள்ளி கேட்கிறார்கள். அந்தக் காசுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாமே என்கிறார் மனைவி. எங்கள் வீடு பொங்கோலில், நாலறை. கேட்பதெல்லாம் அப்பா சேர்த்துவைத்த தமிழ்ப் பட எல்பிகள், நாகஸ்வரம், கொஞ்சம் வீணை. என்ன செய்யலாம்?

நேர்கோடு

புதிது வாங்குங்கள். அப்பாவின் பொருள் என்ற பாசம் எனக்கும் புரிகிறது. ஆனால் கேள்வி நல்ல ஒலி பற்றியது என்றால் பதில் தெளிவாகவே இருக்கிறது.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற ஒலி ஆராய்ச்சியாளர் 1980களில் ஒரு வேலை செய்தார். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது எந்தக் கம்பெனி, என்ன விலை என்று தெரியாமல் ஆட்களைக் கேட்கவைத்தார். பெரும்பாலோருக்குப் பிடித்தவை ஒரே மாதிரி ஸ்பீக்கர்கள்தான்: நேர் முன்னே கனத்த ஒலி முதல் கீச்சொலி வரை அளவு ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பவை, பக்கவாட்டில் போகப்போக அது சீராகக் குறைபவை. இன்றைக்கு நடுத்தர விலையில் கிடைக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர்களிலேயே (உள்ளேயே ஆம்ப் இருப்பவை) இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். 70களின் பெரிய பெட்டிகளில் பல இந்தச் சோதனையில் தேறாது. வூஃபரும் கீச்சொலி தரும் ட்வீட்டரும் ஒலியைக் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் பக்கவாட்டு ஒலி குழம்பிவிடும். உங்கள் ஹாலில் சுவர் பட்டுத் திரும்புவது அந்தக் குழப்பம்தான்.

வால்வு_வெளிச்சம்

தம்பி நேர்கோடு சொல்வதைப் பார்த்தால் டூலுக்கு முன்னால் யாருமே அளந்து செய்யவில்லை என்று ஆகிவிடும். எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை யார் செய்தது? பிபிசி பொறியாளர்கள். வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்து அறிவிப்பாளர் குரலைச் சரிபார்ப்பதற்காகவே, 70களில், அளந்து அளந்து செய்தார்கள். உரிமம் வாங்கிய ரோஜர்ஸ், ஸ்பெண்டார் கம்பெனிகள் எல்லாம் அந்த அளவிலிருந்து விலகக் கூடாது. குவாட் கம்பெனியின் மின்னிலை (எலக்ட்ரோஸ்டாட்டிக்) ஸ்பீக்கர் வந்தது 1957-ல். அதில் பெண் குரலைக் கேட்டவர்கள் அதை விட்டு இறங்குவது கடினம்.

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடும்வரை நான் வாரம் தவறாமல் போனவன். தரையில் விரித்த பாயில், பழைய கைக்கடிகாரத்துக்கும் துருப்பிடித்த ஸ்பேனருக்கும் நடுவில், ஒரு கெஃப் ஸ்பீக்கர் ஜோடியை 60 வெள்ளிக்கு வாங்கினேன். வூஃபர் விளிம்பு ரப்பர். அன்றும் மெத்தென்று இருந்தது, இன்றும் மெத்தென்று இருக்கிறது. அதில் நாகஸ்வரம் கேட்டுப் பாருங்கள். சீவாளியில் காற்று புகும் சத்தம் தனியாகக் கேட்கும்.

பழைய_தட்டு தம்பி, பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

நேர்கோடு

அண்ணே, எல்எஸ்3/5ஏவை நானும் மதிக்கிறேன். ஆனால் அது ஏன் அவ்வளவு சின்னது? வேனில் இடம் இல்லை. 5 அங்குல வூஃபர், செருப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. தவிலின் அடி அதில் வரவே வராது. ஒரு வேலைக்காக, அந்த வேலையின் நெருக்கடிக்குள் செய்த கருவியை வீட்டுக்கு எல்லாவற்றிலும் சிறந்தது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. பிபிசி அளந்தது புது ஸ்பீக்கரை. ஐம்பது வருடத்தில் உள்ளே ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரின் கப்பாசிட்டர் மதிப்பு மாறியிருக்கும், ரப்பர் இறுகியிருக்கும், இடதும் வலதும் ஒரே மாதிரி மூப்படைந்திருக்காது. நீங்கள் இன்று கேட்பது அந்தப் பொறியாளர்கள் செய்துவைத்த ஒலி இல்லை. அதை யாரும் அளந்து பார்ப்பதும் இல்லை.

தெம்பனிஸ்_அக்கா

நான் நேர்கோடு தம்பி பக்கம், ஆனால் காரணம் வேறு.

மூன்று வருடம் முன்பு இணையத்தில் ஒருவரிடம் ஜப்பானிய ஆம்ப் ஒன்று வாங்கினேன். தங்க நிற முகப்பு, அலுமினியக் குமிழ், பார்த்ததுமே ஆசை. ஜப்பானில் விற்ற மாடல், 100 வோல்ட். விற்றவர் அதைச் சொல்லவில்லை. சிங்கப்பூர் பிளக்குக்கு மாற்றும் அடாப்டரை மாட்டியே கொடுத்தார், நானும் நம்பி 230 வோல்ட்டில் சொருகிவிட்டேன். இரண்டு விநாடி ஒரு உறுமல், அப்புறம் மீன் கருகுவது மாதிரி நாற்றம். பக்கத்தில் என் சின்ன மகன் உட்கார்ந்திருந்தான். நெருப்புப் பிடிக்கவில்லை, அது எங்கள் நல்ல நேரம். விற்றவர் அதன் பிறகு பதிலே போடவில்லை.

பழைய ஆம்ப் பலவற்றில் இரண்டு கம்பி வயர்தான், எர்த் கிடையாது. ஒலி இனிமையாக இருக்கிறதா என்பதை அப்புறம் பேசலாம். குழந்தை இருக்கும் வீட்டில் முதலில் இதைப் பாருங்கள். நான் இப்போது ஒரு சின்ன ஆக்டிவ் ஸ்பீக்கரில் காலையில் ஒலி 96.8 வானொலி கேட்கிறேன். நிம்மதியாக இருக்கிறது.

ஈயப்புகை

இருபது வருடமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடுகிறவன். இரண்டு பக்கமும் ஆம்பையும் ஸ்பீக்கரையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறீர்கள். அவை கெடும் விதமே வேறு.

ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். அந்த நுரை பாலியூரிதேன். காற்றின் ஈரம் அதன் கட்டமைப்பையே உடைக்கும். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கெட்டுப்போகும். நம் ஊர்க் காற்றில் சீக்கிரமாகவே. வால்வு அண்ணனின் கெஃப் பிழைத்தது விளிம்பு ரப்பர் என்பதால்தான். அதனால் பழைய ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் பாருங்கள்.

ஆனால் நுரை போனால் வூஃபர் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கூம்பும் சுருளும் காந்தமும் நன்றாக இருந்தால், வளையத்தை மட்டும் மாற்றலாம். பழைய பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஒரு வூஃபருக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்பட்டால் கூம்பின் காகிதம் கிழியும். அப்புறம் நடுவில் இருக்கும் தூசி மூடியைக் கத்தியால் மெல்லக் கிளப்பி, சுருளுக்கும் நடு இரும்புக்கும் இடையே பழைய ஃபிலிம் சுருள் துண்டு நான்கைச் சொருக வேண்டும். சுருள் நட்ட நடுவில் நிற்கும். அதன் பிறகுதான் புது வளையத்தை ஒட்டுவது. ஒரு நாள் காயவைத்துத் துண்டுகளை உருவிவிட்டு, இரண்டு கையாலும் கூம்பைச் சமமாக அழுத்திக் காதை வையுங்கள். உரசல் கேட்கக் கூடாது. அட்வென்ட், ஹென்றி கிளாஸ் 1969-ல் கொண்டுவந்த மூடிய பெட்டி. காற்றுக் கசிவு இருந்தால் அதன் பாஸ், அதாவது கனத்த அடி ஒலி போய்விடும், ஒட்டுவதில் அலட்சியம் கூடாது.

ஆம்ப் விஷயத்தில் அக்கா சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வோல்ட்டேஜ் தேர்வி இருக்கிறதா பாருங்கள். இங்கே விற்ற சரக்கு என்றால் இருக்க வாய்ப்பு உண்டு. 220, 240 இரண்டும் இருந்தால் 240-ல் வையுங்கள். பிறகு, அக்காலத்து ஜப்பானிய ஆம்ப்களில் பெரிய கப்பாசிட்டர் ஆடாமல் இருக்க ஒரு பசை போட்டிருப்பார்கள். புதிதில் வெளிர் நிறம். வயதாகி ஈரம் உறிஞ்சினால் கருகிய வெல்லப் பாகு மாதிரி ஆகிவிடும், பக்கத்துக் கம்பிகளை அரிக்கும், மின்சாரத்தையும் கசியவிடும். மேல் மூடியைக் கழற்றினாலே தெரியும். பிளக்கில் மட்டும் மாட்டாதீர்கள்.

பழைய_தட்டு

ஈயப்புகை அண்ணே, மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தேர்வி 240-ல்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் இரண்டு பெரிய கப்பாசிட்டரின் அடியில் கரும்பழுப்புப் பசை. பக்கத்து ரெசிஸ்டர் ஒன்றின் கால் பச்சைப் பூத்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது உப்புப் படிந்த மாதிரி இருந்தது.

நேர்கோடு

இதைத்தான் சொன்னேன். டிபிஏ3255 சிப் போட்ட சின்ன கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத புது வகை), உள்ளங்கை அளவு, 200 வெள்ளிக்குள். பெரிதாகச் சூடாகாது, இரைச்சல் காதுக்கே எட்டாது. வீட்டில் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரு வாட், இரண்டு வாட் அளவுதான். வாட்டை இரட்டிப்பாக்கினால் மூன்றே டெசிபல் கூடும்.

வால்வு_வெளிச்சம்

சின்ன ஒலியில் கேட்கிறோம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் இதையும் கேளுங்கள். ஒலி குறையக் குறைய நம் காது பாஸை முதலில் தவறவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். அதற்காகத்தான் அந்தக் காலத்து ஆம்ப்களில் லவுட்னெஸ் பொத்தான். வால்யூமைக் குறைத்து வைத்து அதை அழுத்தினால் பாஸ் திரும்பி வரும். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது, கீழ் வீட்டில் வயதானவர் இருக்கிறார், இரவு பத்து மணிக்கு வீவக அடுக்குமாடி வீட்டில் எவ்வளவு சத்தம் வைக்க முடியும்? அந்த ஒரு பொத்தான் இல்லாமல் என்னால் இரவில் தவில் கேட்க முடியாது. உங்கள் உள்ளங்கை ஆம்பில் அது எங்கே? எல்பி தட்டின் மெல்லிய சிக்னலைக் கூட்டித் தரும் ஃபோனோ நுழைவாவது இருக்கிறதா?

நேர்கோடு

லவுட்னெஸ் பற்றி அண்ணன் சொன்னது சரி. அதை எல்லாரும் விட்டது தவறுதான். இப்போது சில ஆம்ப்களில் அது திரும்ப வந்திருக்கிறது, வால்யூமுக்கு ஏற்ப அளவு மாறுகிற மாதிரி. ஃபோனோவுக்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரித்துப்போன சர்க்யூட்டில் காசு போடுவதை நியாயப்படுத்த ஒரு பொத்தான் போதாது.

ஈயப்புகை

பச்சைப் பூத்த கால் என்றால் அந்தப் பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அரித்த பாகங்களை மாற்ற வேண்டும். செய்யக்கூடிய வேலைதான். முடித்ததும் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுத்தான் மின்சாரம் கொடுப்பேன். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அதன் பிறகு ஸ்பீக்கர் மாட்டாமலே வெளிமுனையில் டிசி (நேர் மின்னழுத்தம்) கசிகிறதா என்று பார்க்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எனக்குத் திருப்தி. இவ்வளவும் பார்க்காமல் 850 வெள்ளி கேட்கும் கடையிடம் கொடுக்காதீர்கள். என்னென்ன மாற்றுவோம் என்று எழுதித்தரச் சொல்லுங்கள்.

நான் இருந்தால் இப்போதைக்குச் சின்ன ஆம்ப் ஒன்று வாங்கி, காசையும் கையையும் ஸ்பீக்கரில் போடுவேன். சான்சூயி காத்திருக்கட்டும், ஆனால் ஸ்டோர் ரூமில் வேண்டாம். ஹாலில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

தெம்பனிஸ்_அக்கா

இதற்கு நான் சம்மதம். ஸ்பீக்கரில் ஷாக் அடிக்காது. ஆனாலும் மனைவியிடம் கேட்டுவிட்டு ஹாலில் வையுங்கள் தம்பி. அவ்வளவு பெரிய பெட்டி இரண்டு, பொங்கோல் வீட்டில்.

பழைய_தட்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கிளாஸ் டி ஆம்ப் ஒன்றும் ஃபோனோ பெட்டியும் வாங்கினேன். நுரை வளையம் வரவழைத்து, ஈயப்புகை அண்ணன் சொன்னபடி நானே ஒட்டினேன். பழைய பசை எடுக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. மனைவிதான் ஃபிலிம் துண்டு வெட்டித் தந்தார்.

பாட்டு வருகிறது. 70களின் பட எல்பிகள் பெரும்பாலும் மோனோதானே, இரண்டு பக்கமும் ஒரே ஒலி, குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். எனக்கு அரை அடி இடது பக்கம் தள்ளி நிற்கிறது. சிங்கப்பூரில் படமாக்கிய அந்த 1978 ரஜினி படத் தட்டு ஸ்டீரியோ, அதில் இது தெரியவில்லை. மோனோவில் நன்றாகத் தெரிகிறது.

நேர்கோடு

ஒரு பக்கம் சத்தம் குறைவு என்று அர்த்தம். முதலில் வயரை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். குரல் வலது பக்கம் போனால் குற்றம் ஆம்பிலோ ஃபோனோ பெட்டியிலோ. இடதிலேயே நின்றால் ஸ்பீக்கர், இல்லையென்றால் அறை. வலது பக்கம் திறந்த வாசல் இருக்கிறதா? என்னிடம் அளக்கும் மைக் இருக்கிறது, ஞாயிறு பொங்கோல் வருகிறேன். சோதிக்காமல் கப்பாசிட்டர் எதையும் மாற்றாதீர்கள்.

வால்வு_வெளிச்சம்

நானும் வருகிறேன். மைக் வைப்பதற்கு முன்னால் ஒரு தட்டு முழுக்கக் கேட்டுவிட வேண்டும். அந்த மோனோ தட்டிலேயே தொடங்குவோம்.

பழைய_தட்டு

வயரை மாற்றிப் பார்த்துவிட்டேன். இடதிலேயேதான் நிற்கிறது. ஞாயிறு மூன்று மணிக்கு இருவரும் வாருங்கள். சான்சூயியையும் மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். ஈயப்புகை அண்ணன் வர முடிந்தால் பல்பையும் கொண்டுவாருங்கள்.