லேப்டாப் உள்ள போக முடியல, பாஸ்வேர்டு மறந்துபோச்சு, அவசரம்!!

இரவுக்குருவி (இரவு 10:52)
வணக்கம், லேப்டாப் பாஸ்வேர்டு தப்பு தப்புன்னே சொல்லுது. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு. இருபது தடவ அடிச்சு பாத்துட்டேன், நடுவுல பூட்டிட்டேன் அப்புறம் வான்னு வேற சொல்லிச்சு. நாளைக்கு காலைல 10 மணிக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பணும், அது உள்ளதான் இருக்கு, வேற காப்பி இல்ல. மாசாமாசம் பாஸ்வேர்டு மாத்துற பழக்கம் எனக்கு, போன வாரம்தான் மாத்துனேன், பழசையும் புதுசையும் குழப்பிக்கிட்டேனோ என்னமோ. ஃபார்மேட் பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க. சீக்கிரம் ப்ளீஸ்

வெட்டி_ஆபீசர்
விண்டோஸா மேக்கா ப்ரோ? எந்த வெர்ஷன்? கேக்குறது பின் நம்பரா பாஸ்வேர்டா? மெயில் ஐடி குடுத்து திறக்குற மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டா, அந்த மெஷின்ல மட்டும் இருக்குற லோக்கல் அக்கவுண்டா?

பழைய_மவுஸ்
வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு மட்டும் சொல்லிட்டு போன வெச்சா மெக்கானிக் என்ன ஜோசியமா பாப்பாரு. மெஷின் விவரம் இல்லாம கேள்வி போடாதீங்கன்னு எத்தன வருஷமா கத்துறேன். இதுக்கு முன்னாடி இதே கேள்வி நூறு தடவ வந்தாச்சு, தேடிப் பாக்குறதுக்கு அவ்ளோ சோம்பேறித்தனம்.

பேட்டரி_பாண்டி
சிம்பிள். பின்னாடி மூடிய கழட்டி பொட்டு மாதிரி இருக்குற, மெஷின் செட்டிங்க ஞாபகம் வெக்கிற சீமாஸ் பேட்டரிய 5 நிமிஷம் வெளில எடுத்து வெச்சு திரும்ப போடுங்க. எல்லா பாஸ்வேர்டும் அழிஞ்சிடும். நான் இப்படி நாலு மெஷின் திறந்திருக்கேன்.

கறுப்புத்திரை
பாண்டி அண்ணே தயவுசெஞ்சு நிறுத்துங்க. அது பயாஸ் பாஸ்வேர்டுக்கு, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே மெஷின் கேக்குற பாஸ்வேர்டுக்கு, அதுவும் பழைய மெஷின்ல. விண்டோஸ் லோக்கல் பாஸ்வேர்டு டிஸ்க்ல சாம்னு ஒரு ஃபைல்ல ஹாஷா, அதாவது திரும்ப படிக்க முடியாதபடி உருமாத்தி இருக்கு, பேட்டரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பயாஸ் செட்டிங் கலைஞ்சா, டிஸ்க்கயே பூட்டி வெக்கிற பிட்லாக்கர் போட்ட மெஷினா இருந்தா 48 இலக்க ரெக்கவரி கீய கேட்டு நிக்கும், ஒரு பூட்டுக்கு ரெண்டு பூட்டாயிடும்.

பேட்டரி_பாண்டி
என் அனுபவத்த சொன்னேன் தம்பி, நீங்க புத்தகத்துல படிச்சத சொல்றீங்க

இரவுக்குருவி (இரவு 11:20)
ப்ரோ இல்லீங்க, அக்கா. விண்டோஸ் 11. பின் இல்ல, எழுத்து நம்பர் குறி எல்லாம் கலந்த பாஸ்வேர்டு. மெயில் ஐடி எதுவும் குடுக்காம வெறும் பேர் போட்டு செட் பண்ணது, அப்ப லோக்கல்தானே? கீழ ரீசெட்னு ஒன்னு வருது, அத அமுக்குனா முதல் செல்லப்பிராணி பேர் என்னன்னு கேக்குது. அப்ப எரிச்சல்ல கைக்கு வந்தத அடிச்சு வெச்சேன், இப்ப ஞாபகம் இல்ல

வெட்டி_ஆபீசர்
சரிங்க அக்கா, லோக்கல்தான். மெயில் அக்கவுண்டா இருந்திருந்தா போன்லயே ஆன்லைன்ல மாத்திட்டு, லேப்டாப்ப நெட்ல விட்டு உள்ள போயிருக்கலாம். இதுக்கு அது ஆகாது. இன்னொன்னு, திரும்ப திரும்ப அடிக்காதீங்க, விண்டோஸ் 11ல 10 தடவ தப்பானா 10 நிமிஷம் பூட்டிக்கும்.

லினக்ஸ்காரி
அக்கா முதல்ல ரிப்போர்ட்ட காப்பாத்துங்க, பாஸ்வேர்ட அப்புறம் பாத்துக்கலாம். வேற கம்ப்யூட்டர்ல உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம், இலவசம்) இறக்கி பென்டிரைவ்ல ஏத்தி, லேப்டாப்ப அதுல இருந்து பூட் பண்ணி, இன்ஸ்டால் பண்ணாம சும்மா ட்ரை குடுத்தா உங்க டிரைவ் ஃபோல்டரா தெரியும், காப்பி எடுத்துடலாம். டிரைவ் என்கிரிப்ட் ஆகி, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டியிருந்தா மட்டும் நடக்காது. லோக்கல் அக்கவுண்ட் மட்டும்னா பெரும்பாலும் அந்த பூட்டு முழுசா விழுந்திருக்காது.

பழைய_மவுஸ்
ராத்திரி 11 மணிக்கு உபுண்டு இறக்க சொல்றாங்க. லாகின் ஸ்கிரீன்ல ஓடுற யுட்டில்மேன்ங்கற விண்டோஸ் ஃபைல மாத்தி வெச்சு லாகின் ஸ்கிரீன்லயே கமாண்ட் விண்டோ திறந்து புது பாஸ்வேர்டு போடுறது ரெண்டு நிமிஷ வேல. தெரிஞ்சவங்களுக்கு.

கறுப்புத்திரை
அப்படி வெளில இருந்து பலவந்தமா மாத்துனா விண்டோஸ்லயே என்கிரிப்ட் பண்ணி வெச்ச ஃபைல், பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு எல்லாம் போயிடும், அதையும் சேத்து சொல்லுங்க சார். விண்டோஸோட ஆன்ட்டிவைரஸ் டிஃபெண்டர் வேற இப்பல்லாம் அத புடிச்சுக்குது.

குறிப்பேடு_77
எனக்கு புரியாதது ஒன்னுதான், வீட்டு லேப்டாப்புக்கு எதுக்குங்க மாசாமாசம் பாஸ்வேர்டு மாத்தணும்? மாத்துறதாலதான் மறக்குது.

பழைய_மவுஸ்
பாதுகாப்பு. 90 நாளுக்கு ஒரு தடவ மாத்தணும்ங்கறது அடிப்படை.

குறிப்பேடு_77
அது பழைய காலம் சார். அமெரிக்க அரசோட தரநிர்ணய அமைப்பு நிஸ்ட் 2017லயே சும்மா சும்மா மாத்த வெக்காதீங்க, திருட்டு போயிருக்குன்னு தெரிஞ்சா மட்டும் மாத்துங்கன்னு சொல்லிடுச்சு. மைக்ரோசாஃப்ட்டும் 2019ல அவங்க பரிந்துரைல இருந்து காலாவதி விதிய தூக்கிட்டாங்க. மாத்த சொன்னா ஜனங்க என்ன பண்றாங்க, கடைசில இருக்குற 1 நம்பர 2 ஆக்குறாங்க, அவ்ளோதான்.

பழைய_மவுஸ்
அப்ப எல்லாரும் மஞ்ச சீட்டுல எழுதி ஸ்கிரீன்ல ஒட்டிக்கலாமா

குறிப்பேடு_77
வீட்டுக்குள்ள பீரோல எழுதி வெச்சா என்ன தப்பு? ஆன்லைன்ல திருடுறவன் உங்க பீரோவுக்கா வரப்போறான்

லினக்ஸ்காரி
எல்லா பாஸ்வேர்டையும் சேத்து வெக்கிற பாஸ்வேர்டு மேனேஜர்னு ஒன்னு இருக்கு, ரெண்டு பேரும் கேள்விப்பட்டதில்லயா

பேட்டரி_பாண்டி
மேனேஜரோட பாஸ்வேர்ட மறந்தா?

தூங்காநகம்
சண்டைக்கு நடுவுல ஒரு கேள்வி. அக்கா, உங்க பாஸ்வேர்டுல அட் குறி (@) இருக்கா? பாஸ்வேர்டு பெட்டி ஓரத்துல கண் மாதிரி ஒரு படம் வரும், அத அமுக்கி புடிச்சா என்ன விழுதுன்னு தெரியும். நேத்து ஓடுச்சுன்னு சொல்றீங்க, அப்ப மறந்திருக்க மாட்டீங்கன்னு தோணுது. கீழ வலது மூலைல கீபோர்டு மொழி எதுல இருக்கு? யூகே (பிரிட்டிஷ்) இங்கிலீஷ்ல இருந்தா அட் குறியும் டபுள் கோட்டும் (") இடம் மாறிக்கும், அந்த கண்ண அமுக்காத வரைக்கும் பாஸ்வேர்டு பெட்டில எல்லாமே புள்ளியா தெரியறதால கண்டுபிடிக்கவே முடியாது.

பழைய_மவுஸ்
தானா எப்படிங்க மாறும், கதை.

தூங்காநகம்
ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேந்து அமுங்குனா போதும் சார்.

இரவுக்குருவி (இரவு 12:41)
உள்ள போயிட்டேன்!!! யூகேலதான் இருந்துச்சு. சாயந்தரம் பாப்பா கீபோர்ட தட்டி விளையாடிட்டு இருந்தா, அத சொல்லணும்னே தோணல. ரிப்போர்ட் பாதிதான் ஆயிருக்கு, போய் முடிக்கணும். எல்லாருக்கும் நன்றி, பாண்டி அண்ணே உங்களுக்கும்

பழைய_மவுஸ்
நான் முதல்லயே சொன்னேன், விவரம் குடுக்கணும்னு.

பேட்டரி_பாண்டி
பேட்டரிய கழட்டியிருந்தாலும் சரியாயிருக்கும்