ஃபைல்: 'கோப்பு' இருக்கட்டும், 'ஆவணம்' வேண்டாம்

வணக்கம் நண்பர்களே,

நம் கணினிச் சொற்பட்டியலில் ஃபைலுக்கு இருக்கும் 'கோப்பு' என்றால் அரசு அலுவலக வாடை வருகிறது, 'ஆவணம்' என்று மாற்றிவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

இலத்தீனில் ஃபீலும் என்றால் நூல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது, ஃபைல் என்பது தாள்களைக் கோத்து வைக்கும் நூலையோ கம்பியையோதான் குறித்தது. மளிகைக் கடையில் பில்லைக் கம்பியில் குத்தி வைப்பார்களே, அதேதான். அப்புறம் அந்தப் பெயர் கம்பியை விட்டுத் தாள்கட்டுக்கு மாறி, கட்டை வைக்கும் அட்டைக்கும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் கணினிக்குள் வந்தது. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் கணினியில் 50 தட்டுகள் அடுக்கிய சேமிப்பு வட்டகம் முழுவதையுமே 'டிஸ்க் ஃபைல்' என்றார்கள். (இரும்பை ராவுகிற அரத்துக்கும் ஆங்கிலத்தில் ஃபைல் என்றுதான் பெயர். அதற்கு வேர் வேறு.)

நம் கோப்போ 'கோ' என்ற வினையில் பிறந்தது. ஊசியில் நூல் கோக்கிறோம், மணி கோக்கிறோம். இவ்வளவு பொருத்தமான சொல்லை எதற்குக் கைவிட வேண்டும்? யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பாருங்கள், அங்கே சாதாரண ஃபைல் என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பைட்டுகள், அவ்வளவுதான். படமும் கோப்பு, பாட்டும் கோப்பு, விசைப்பலகையைக்கூடக் கோப்பாகத் திறந்து படிக்கலாம். விசைப்பலகையை எப்படி ஆவணம் என்பது? ஆவணம் என்றதும் பத்திரப் பதிவுதான் நினைவுக்கு வருகிறது. டாக்குமென்ட்டுக்கு அந்தச் சொல் இருக்கட்டும்.

சரி, பட்டியலில் இன்னும் முடிவாகாத சொல் ஒன்று, ஃபைல் டிஸ்க்ரிப்டர். 'கோப்பு விவரிப்பான்' என்று போட்டிருக்கிறோம், ஆனால் அது எதையும் விவரிப்பதில்லையே. நிரல் ஒரு கோப்பைத் திறந்ததும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் கையில் கொடுக்கும் சின்ன எண் அது. வழக்கமாக 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. ரேஷன் கடை டோக்கன் மாதிரி, அந்த எண்ணைக் காட்டித்தான் மற்ற வேலையெல்லாம் நடக்கும். அதனால் 'கோப்புக் குறியெண்' என்று முன்வைக்கிறேன். 'கோப்பெண்' இன்னும் சின்னதுதான், ஆனால் படிப்பவர் அதைக் கோ, பெண் என்று பிரித்துவிடுவார்.

இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். 'விவரிப்பான்' மட்டும் பட்டியலின் அடுத்த பதிப்புக்குப் போக வேண்டாம்.