1924 மாடல் டி கார்: 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் உதறுகிறது

டி_வண்டி: மாமாவின் 1924 ஃபோர்டு மாடல் டி இப்போது என்னிடம். முன் ஆக்ஸிலைக் கழற்றி, பெயின்ட் அடித்து, கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சுத் தண்டு), அதன் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டு மாட்டினேன். 30 வரை நன்றாகத்தான் போகிறது. 40ஐத் தொட்டு ஒரு சின்னக் குழியில் இறங்கினால் போதும், ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது, இரண்டு சக்கரமும் இடவலமாக உதறுகிறது, வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதுமில்லை. பயமாக இருக்கிறது.

ஸ்பானர்12: முதலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அப்போது டயரைப் பார்க்காதீர்கள், ஆக்ஸில் முனையில் கிங்பின் நிற்கும் கவட்டையைப் பாருங்கள். கவட்டைக்குள் ஸ்பிண்டிலும் (சக்கரம் மாட்டியிருக்கும் தண்டு) சேர்ந்து ஆடினால் கோளாறு புஷ்ஷில், சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்கில். அப்புறம் விஷ்போன், அதாவது ஆக்ஸிலைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் V வடிவத் தண்டு; இன்ஜினுக்கு அடியில் அதன் பந்து உட்காரும் மூடியைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் ஆக்ஸில் முன்னும் பின்னும் போய்வரும், புது கிங்பின் போட்டும் பயனில்லை. டோ இன் (முன்சக்கரங்கள் பின்பக்கத்தைவிட முன்பக்கம் நெருங்கியிருக்கும் அளவு) 3/16 முதல் 1/4 அங்குலம் வரை இருக்கட்டும்.

பழைய_பட்டறை: தம்பி, ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது கேஸ்டர், அதாவது கிங்பின்னின் முன்பின் சாய்வுக் கோளாறு. இந்த வண்டிக்குக் கிங்பின்னின் மேல்முனை ஐந்தரை டிகிரி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சமதரையில் மூலைமட்டத்தை நிறுத்திக் கவட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மூன்று அங்குல உயரத்துக்குக் கால் அங்குலத்துக்குச் சற்று மேல் சாய்வு தெரியும். முன்பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இணைக்கும் ஸ்பிரிங் பெர்ச் இரண்டையும் இடம் வலம் மாற்றி மாட்டியிருப்பீர்கள். ஆக்ஸிலைப் பிரித்துப் பூட்டும்போது அடிக்கடி நடக்கிற தவறு இது. அதைச் சரிசெய்யும்வரை தயவுசெய்து ரோட்டில் எடுக்காதீர்கள். ஸ்டியரிங் வீலுக்கு அடியில் இருப்பது வெறும் 4:1 கியர், சக்கரம் படுகிற அடி அப்படியே கைக்கு வரும், ஒரு பக்கமாக மடங்கிப் போனால் இழுத்துத் திருப்ப முடியாது.

டி_வண்டி: ஐயா, மூலைமட்டம் வைத்ததுமே தெரிந்துவிட்டது, கவட்டை முன்னால் சாய்ந்திருந்தது. இடது பெர்ச் வலப்பக்கம். மாற்றிப் பூட்டி, விஷ்போன் மூடியையும் இறுக்கினேன். இன்று காலை அதே குழியில் 45ல் இறக்கினேன், ஒரு குலுக்கலோடு சரி. திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் தானாக நேருக்கு வருகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.

ஸ்பானர்12: நல்லது. பெர்ச் நட்டுகளுக்குக் காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி) போட மறக்காதீர்கள்.