டொமினிக்கா புயல் காப்பீடு: வீட்டளவு கணக்கு எங்கே கிடைக்கும்?

தீவு நாடுகளின் வறுமை பற்றி எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். 2017 செப்டம்பர் மரியா புயலில் கரீபியன் தீவு நாடான டொமினிக்காவுக்கு ஏற்பட்ட சேதமும் இழப்பும் அதன் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 226 சதவீதம். கரீபியன் பேரிடர் காப்பீட்டு நிதியம் சுமார் 1.9 கோடி டாலர் கொடுத்தது. சீக்கிரமே வந்த பணம்தான், ஆனால் அரசின் கைக்கு. கூரை பறந்து தார்ப்பாய்க்கு அடியில் படுத்த குடும்பத்துக்கு அதில் என்ன போய்ச் சேர்ந்தது? எனக்கு அதுதான் முக்கியம்.

சேத மதிப்பீட்டு அறிக்கை, நிதியத்தின் ஆண்டறிக்கை, உலக வங்கித் தரவு எல்லாம் பார்த்தாயிற்று. நான் கண்டதெல்லாம் நாட்டளவு எண்கள். ஃபிஜியில் 2016 வின்ஸ்டன் புயலுக்குப் பிறகு நலத்திட்டப் பயனாளிகளுக்கு நேரடியாகத் தந்த கூடுதல் பணத்துக்கு வீட்டளவு ஆய்வு இருக்கிறது.

டொமினிக்காவுக்கு அப்படியொரு ஆய்வோ தரவோ எங்கே கிடைக்கும்?