முகாம் குடும்பங்களுக்கு உதவுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள என்ன வழி?

காட்பாடி டீச்சர்:
வணக்கம். மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். 2021 நவம்பரில் புதிய வீடுகளுக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டிய இடம். வீடு கட்டும்போது துறைகள் கைகோத்து வேலை செய்தன. சான்றிதழ், கடிதம் என்று தாள் விஷயத்தில் அது நடக்கவில்லை, அதுதான் வேதனை.

என் மாணவி ஒருத்தி ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். அப்பா பெயர் முகாம் பதிவில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. கல்லூரி முகாம் கடிதம் கேட்கிறது. முகாமில் சான்றிதழைத் திருத்தி வரச் சொல்கிறார்கள். திருத்தும் அலுவலகத்தில் அப்பாவின் இலங்கைத் தாள் வேண்டுமாம். அவரோ 1990இல் மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு படகேறியவர். இதற்கிடையில் இரண்டு தொண்டு நிறுவனங்கள் ஒரே தாளுக்குத் தனித்தனியாக மனு எழுதுகின்றன, ஒன்றுக்கு இன்னொன்று தெரியாது. போகும் இடமெல்லாம் அந்தப் பெண் படகிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். சொல்லி முடிக்கும்வரை ஃபைல் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பாள்.

இவர்களை எல்லாம் ஒரே மேஜையில் உட்கார வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முகாம் பிள்ளை, ராணிப்பேட்டை:
டீச்சர், நானும் முகாமில் பிறந்தவன்தான். சேர்ந்து பேசுவது நல்லது, ஆனால் முதலில் அந்தப் பெண்ணைக் கேளுங்கள். முகாம்களைக் கண்காணிக்கும் க்யூ பிரிவு போலீஸின் விசாரணையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, சொன்னது எங்கே போய்ச் சேருமோ என்ற பயம் உண்டு. ஃபைல் அவள் வீட்டிலேயே இருக்கட்டும். யாருக்கு எந்த நகல் வேண்டுமோ அதை மட்டும் அவள் கையால் கொடுக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

சமூகப் பணியாளர், வேலூர்:
மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் ஒவ்வொரு மேஜையும் தன் கையிலிருக்கும் அரசாணையை மட்டும் பார்க்கிறது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவரை வேறு இடத்துக்கு அனுப்பினால், அங்கே யாரைப் பார்க்க வேண்டும், இதுவரை என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்போம். அப்புறம் போய்ச் சேர்ந்தாரா என்று போன் போட்டுக் கேட்போம். பலரும் இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஊரில் இரண்டு நிறுவனத்தில் ஒன்று பொறுப்பெடுக்கட்டும், மற்றது அதற்குத் துணை நிற்கட்டும். பிறகு திங்கட்கிழமை குறைதீர் நாளில் எல்லாரும் சேர்ந்து சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகம் போங்கள். மறுவாழ்வுப் பிரிவு, வருவாய்த் துறை இரண்டிலிருந்தும் ஆள் இருப்பார்கள்.

காட்பாடி டீச்சர்:
ரொம்ப நன்றி. அவளிடம் கேட்டேன். சம்மதம், ஆனால் அம்மாவின் மருத்துவச் சீட்டு யாருக்கும் போகக் கூடாது என்றாள். அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். இரண்டு நிறுவனத்தாரிடமும் பேசியாயிற்று, திங்கட்கிழமை வருகிறார்கள். அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவீர்கள் என்று ஒரு மாதிரி போடுங்களேன், பெயரில்லாமல்.